கழுத்தும் கத்தியும்

நீங்கள் கடைசியாக எப்போது ஒரு அந்நியரின் கையில் கத்தி இருக்கும்போது, கண்ணை மூடிக்கொண்டு, கழுத்தை நீட்டினீர்கள்?

'அப்படியொரு பைத்தியக்காரத்தனத்தை நான் செய்ததே இல்லை' என்கிறீர்களா? நீங்கள் ஆணாக இருந்தால் அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை சலூனுக்குப் போனீர்களே, ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் பெண்ணாக இருந்தால், இதே கேள்வியை வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிற மனிதரிடம் கேட்டுப் பாருங்கள்.

யோசித்தால் ஆச்சரியமாக இருக்கிறது. பத்து ரூபாய் சில்லறையை ஒருவரிடம் கொடுத்தால் இரண்டு முறை எண்ணுகிறோம். வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுக்க நாலு தடவை யோசிக்கிறோம். ஆனால், பேர்கூடத் தெரியாத ஒரு மனிதர் ப்ளேடை மாட்டிக்கொண்டு வந்து, நம் நெற்றியில் கை வைத்துத் தலையைப் பின்னால் சாய்க்கும்போது, சாய்ந்துவிடுகிறோம். சில பேர் தூங்கியே போய்விடுகிறார்கள். நான் அந்தச் சில பேரில் ஒருவன்.

26 வருஷமாக ஒரே சலூன். எங்கள் தெருமுனையில், மாவு மெஷினுக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில், மூன்று நாற்காலி போட்ட கடை. கடைக்காரர் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். அவர் என்னை 'சார்' என்பார். நான் அவரை 'அண்ணே' என்பேன். நான் உட்கார்ந்ததும் எதுவும் கேட்க மாட்டார். எனக்கு மோவாயில் ஒரு சின்ன மச்சம் இருக்கிறது. அவருடைய கத்தி அந்த இடம் வந்ததும், பள்ளிக்கூட வாசலில் பஸ் மெதுவாகப் போகிற மாதிரி ஒரு நிதானத்துக்கு வரும், தாண்டும், மறுபடி வேகம் எடுக்கும். 26 வருஷத்தில் அந்த மச்சத்தில் ஒரு கீறல் விழுந்ததில்லை.

போன வருஷம் ஒரு நாள், அவர் கை நடுங்கியது.

பெரிய நடுக்கமெல்லாம் இல்லை. நுரை தடவிவிட்டு, கத்தியைக் காதோரம் கொண்டுவரும்போது, விரல் நுனியில் லேசாக ஓர் ஆட்டம். கண்ணாடியில் பார்த்தேன். அவரும் பார்த்தார். கத்தியை ஒரு விநாடி காற்றிலேயே நிறுத்தினார். பிறகு கை சரியாகிவிட்டது. முழுச் சவரமும் செய்து முடித்தார். ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் நான் அன்றைக்குத் தூங்கவில்லை. நாற்காலியின் கைப்பிடியை இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பணத்தைக் கொடுத்தேன். "வரேண்ணே" என்றேன்.

அப்புறம் நான் போகவில்லை.

இதை எழுத எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. காய்கறி வாங்கப் போனால் அந்தக் கடை வாசலைத் தவிர்த்துவிட்டு, ஒரு தெரு சுற்றிப் போனேன். 'அவரிடம் என்ன சொல்வது' என்கிற சங்கடம். முடி வெட்டிக்கொள்ள ஆபீஸ் பக்கத்தில் ஏ.சி. போட்ட ஒரு கடை. சவரத்துக்கு? அங்கேதான் எனக்கு ஒரு 'புத்திசாலித்தனமான' யோசனை வந்தது.

பாரிமுனைப் பக்கம் சலூன் சாமான்கள் மட்டுமே விற்கிற கடைகள் இருக்கின்றன. ஒரு சனிக்கிழமை அங்கே போய், சலூனில் வைத்திருப்பார்களே, அதே மாதிரி மடக்குக் கத்தி ஒன்று வாங்கினேன். 120 ரூபாய். கடைக்காரப் பையன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "புதுசா கடை போடறீங்களா சார்?" என்றான். "ஆமாம், ஒரே கஸ்டமர்" என்றேன்.

இந்தக் கத்தியைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் தாத்தா காலத்துச் சவரக்கத்தி முழுக்க முழுக்க இரும்பு. சாணைக்கல்லில் தீட்டி, தோல்வாரில் முன்னும் பின்னும் இழுத்து, ஒரே கத்தியை வருஷக்கணக்கில் வைத்திருப்பார்கள். அதே கத்திதான் ஊருக்கே. 1986-ல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று நம் சென்னையில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. எய்ட்ஸ் பற்றிய பயம் பரவப் பரவ, 'ஆளுக்கொரு ப்ளேடு' என்ற பழக்கம் சலூன்களில் வேரூன்றியது. மஞ்சள் காமாலைக் கிருமிகளில் சிலவும் ரத்தம் பட்ட கத்தி வழியே பரவக்கூடியவை என்பதால் நல்ல மாற்றம்தான். இப்போது இருக்கிற கத்தி வெறும் பிடி. சாதாரண ப்ளேடைக் காகிதத்தோடு சேர்த்து நீளவாக்கில் மடக்கினால் 'டிக்'கென்று இரண்டாகும். அதில் ஒரு பாதியைப் பிடியில் செருகி மூட வேண்டும். அவ்வளவுதான். அந்த ப்ளேடின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதற்கும் உங்கள் தொண்டைக்கும் நடுவில் சோப்பு நுரையைத் தவிர வேறு எதுவும் கிடையாது.

முதல் நாள் பாத்ரூம் கண்ணாடி முன்னால் நின்றேன். வெந்நீரில் முகம் கழுவி, பிரஷ்ஷால் நுரை ஏற்றி, மூன்று நிமிஷம் ஊறவிட்டு, கத்தியைத் தூக்கினேன்.

சார், என் கை நடுங்கியது!

வலது கன்னம் ஓரளவு ஒழுங்காகப் போயிற்று. கத்தியைத் தோலோடு முப்பது டிகிரி சாய்வில் பிடிக்க வேண்டும். படுக்க வைத்தால் முடி வராது. நிமிர்த்தினால் தோல் வரும். இழுக்கிற திசை ஒன்றுதான். தப்பித் தவறிக்கூடப் பக்கவாட்டில் நகர்த்தக் கூடாது. இடது கன்னம் வந்ததும் பிரச்னை. வலது கை முகத்தைக் குறுக்கே தாண்டிப் போகிறது. முழங்கை கண்ணாடியை மறைக்கிறது. இடது கைக்கு மாற்றினால், அந்தக் கை அரைப் படிப்போடு நின்றுவிட்ட பையன் மாதிரி திருதிருவென்று விழிக்கிறது. போதாததற்கு, கண்ணாடியில் எல்லாமே இடம் வலமாக மாறித் தெரிகிறது. மோவாயில் ஒரு கீறல். காதுக்குக் கீழே ஒன்று. குரல்வளை மேட்டில் ஒன்று. மச்சம்? அதை அப்படியே நாலு முடியோடு விட்டுவிட்டேன்.

முகத்தில் படிகாரத்தைத் தேய்த்து, எரிச்சலில் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தேன். என் மனைவி பார்த்துவிட்டு, "யாரோட சண்டை?" என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை. ஆனால் கேள்வி சரியான கேள்விதான். யாரோடு சண்டை?

* * *

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு ராஜாவின் கதையைச் சொல்ல வேண்டும். 

கிறிஸ்து பிறப்பதற்குச் சுமார் 400 வருஷங்களுக்கு முன்னால், சிசிலித் தீவில் சிரக்யூஸ் என்ற நகரத்தை டயோனீசியஸ் என்கிற சர்வாதிகாரி ஆண்டான். பெரிய படை, பெரிய கோட்டை, பெரிய பயம். அவனுக்குச் சவரம் செய்கிற நாவிதர் ஒரு நாள் தன் கடையில் பெருமையாகப் பேசியிருக்கிறார். 'ராஜா ராஜா என்கிறீர்களே, அவர் கழுத்தில் என் கத்தி சில நாளைக்கு ஒரு தடவை இருக்கிறது' என்கிற அர்த்தத்தில். விஷயம் ராஜா காதுக்குப் போயிற்று. நாவிதரைக் கொன்றுவிட்டான். இது புளூடார்க் சொல்கிற கதை.

ரோமானிய அறிஞர் சிசரோ இன்னும் கொஞ்சம் சொல்கிறார். நாவிதர்களிடம் கழுத்தைக் கொடுக்கப் பயந்த டயோனீசியஸ், தன் சொந்த மகள்களுக்குச் சவரம் செய்யக் கற்றுக்கொடுத்தானாம். மகள்கள் வளர்ந்தார்கள். இப்போது மகள்கள் மீதும் பயம். கத்தியை அவர்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, சூடாக்கிய அக்ரூட் கொட்டை ஓடுகளால் தாடியைப் பொசுக்கச் சொன்னானாம். படுக்கையைச் சுற்றி அகழி வெட்டி, மரப்பலகையில் பாலம் போட்டு, உள்ளே போனதும் பாலத்தைத் தானே இழுத்துக்கொள்வானாம்.

கதை முழுக்க நிஜமா, கொஞ்சம் கை கால் வைத்ததா என்பதை விடுங்கள். அவன் போன பாதையைக் கவனியுங்கள். முதலில் அந்நியர் மேல் சந்தேகம். அப்புறம் சொந்த ரத்தத்தின் மேல் சந்தேகம். கடைசியில் மிஞ்சியது முகத்தில் நெருப்பும், தன்னைச் சுற்றித் தானே வெட்டிக்கொண்ட ஒரு பள்ளமும். கழுத்தைக் காப்பாற்றிக்கொண்டான். வாழ்க்கையை?

பாத்ரூமில் முகம் எரிய எரிய நின்றுகொண்டிருந்தபோது எனக்கு இந்த ஆளைத்தான் ஞாபகம் வந்தது. என் பள்ளம் ஒரு தெரு அகலம். சலூனைச் சுற்றிக்கொண்டு போகிற தெரு.

'என்ன சார், இதைப் போய்ப் பெரிசு பண்ணுகிறீர்கள்? கை நடுங்குகிறவரிடம் கழுத்தைக் கொடுக்க முடியுமா?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. இரண்டு மாதம் நானும் இதையே சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். கண் மங்கிய டிரைவரின் பஸ்ஸில் ஏற வேண்டும் என்று எந்தத் தர்மமும் சொல்லவில்லை. கை நடுங்குகிற டாக்டரிடம் ஆபரேஷன் செய்துகொள்வது பெருந்தன்மை இல்லை, முட்டாள்தனம். அப்படியானால் எனக்கு உறுத்தியது எது?

நியூசிலாந்தில் பிறந்த அனெட் பேயர் என்கிற தத்துவப் பேராசிரியை, 1986-ல் நம்பிக்கையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு முக்கியமான வித்தியாசத்தைச் சொல்கிறார். சார்ந்திருப்பது வேறு. நம்புவது வேறு. ஜெர்மானிய அறிஞர் கான்ட் தினமும் ஒரே நேரத்தில் உலாவப் போவாராம். ஊர்க்காரர்கள் அவரைக் கடிகாரமாகவே பயன்படுத்தினார்கள் என்று சொல்வார்கள். ஒரு நாள் கான்ட் தூங்கிப்போய் வராமல் இருந்தால், ஊர்க்காரர்களுக்கு ஏமாற்றம் வரலாம். ஆனால் 'எனக்குத் துரோகம் செய்துவிட்டார்' என்று யாரும் சொல்ல முடியாது. கடிகாரம் நின்றுபோனால் கோபப்படலாம், மனசு உடையாது. நம்பினவர் கைவிட்டால்தான் மனசு உடைகிறது.

இதை என் 120 ரூபாய்க் கத்திக்குப் பொருத்திப் பார்த்தேன். அமெரிக்காவில் கிங் கேம்ப் ஜில்லெட் என்பவர் 1903-ல் தன் 'சேஃப்டி ரேஸர்' வியாபாரத்தை ஆரம்பித்தார். அந்த முதல் வருஷம் விற்றது 51 ரேஸரும் 168 ப்ளேடுகளும்தான். அப்புறம் அது உலகத்தையே பிடித்துக்கொண்டது உங்களுக்குத் தெரியும். அவர் விற்றது வெறும் ப்ளேடு இல்லை. 'இனி நீ யாரிடமும் கழுத்தைக் கொடுக்க வேண்டாம்' என்கிற செய்தி. ஆளை நம்புவதற்குப் பதிலாகப் பொருளைச் சார்ந்திருக்கலாம். பொருள் காலை வாரினால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கலாம். மன்னிப்பு கேட்க வேண்டாம். விளக்கம் சொல்ல வேண்டாம்.

நான் செய்த தப்பு எனக்கு அப்போதுதான் புரிந்தது. 26 வருஷம் அவரை நம்பினேன். நிறுத்தும்போது ஒரு பொருளை மாற்றுகிற மாதிரி மாற்றினேன். கத்தியைப் பார்த்துப் பயந்தது தப்பில்லை. அதை அவரிடம் சொல்லாமல் நழுவியதுதான் தப்பு.

* * *

கத்தியை நான் விட்டுவிடவில்லை. மூன்றாவது வாரத்தில் கொஞ்சம் கை வந்தது. அப்போதுதான் ஒன்று கவனித்தேன். சவரத்தில் பாதிக்கு மேல் வேலை செய்வது கத்தி பிடிக்காத கை. தோலை மேலே இழுத்துப் பிடிக்க வேண்டும். கன்னத்தைப் பக்கவாட்டில் விரிக்க வேண்டும். மூக்கின் நுனியைத் தூக்க வேண்டும். அண்ணனுடைய இடது கை இத்தனை வருஷமாக என் முகத்தில் என்னவெல்லாம் செய்துகொண்டிருந்தது என்பதே எனக்குத் தெரியாது. நான் தூங்கிக்கொண்டிருந்தேன்!

இன்னொன்றும் ஆச்சரியப்படுத்தியது. ஒரு பாதி ப்ளேடு இரண்டு மூன்று சவரத்துக்குமேல் தாங்கவில்லை. முடியைப் பிடித்து இழுக்க ஆரம்பித்துவிடும். இரும்புக்கு எதிரே மயிர் எம்மாத்திரம்? அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆராய்ச்சியாளர்கள் இதையே கேட்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர், தானே சவரம் செய்துகொண்டு, ப்ளேடை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துப் பார்த்திருக்கிறார். 2020-ல் 'சயின்ஸ்' பத்திரிகையில் முடிவு வெளியானது. ப்ளேடின் எஃகைவிட முடி 50 மடங்கு மிருதுவானது. இருந்தாலும் அது ப்ளேடின் விளிம்பைச் சில்லு சில்லாகப் பெயர்த்துவிடுகிறது. எல்லா இடத்திலும் இல்லை. எஃகின் உள் அமைப்பு எங்கே ஒரே சீராக இல்லையோ, அங்கே முடி குறிப்பிட்ட ஒரு கோணத்தில் வந்து முட்டினால்.

அதாவது, உடைந்ததற்குக் காரணம் முடி மட்டும் இல்லை. ஏற்கெனவே உள்ளே இருந்த ஒரு சீரின்மை.

ஒரு விநாடி நடுக்கம், 26 வருஷத்துப் பழக்கத்தை உடைத்தது என்றால், அந்தப் பழக்கத்துக்குள் ஏற்கெனவே சீரில்லாமல் இருந்தது எது?

இதற்கு விடை தேடினால் எங்கள் கிராமத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. என் தாத்தாவுக்குச் சவரம் செய்ய ஒரு பெரியவர் வருவார். தாத்தாவைவிட மூத்தவர். தலை முழுக்க நரை. அவர் வாசல் வழியாக வர மாட்டார். கொல்லைப்புறமாகச் சுற்றி வந்து, கிணற்றடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொள்வார். தாத்தா ஒரு பலகையைப் போட்டு எதிரே உட்காருவார். அந்தப் பெரியவரின் கத்தி தாத்தாவின் கழுத்தில் ஏறி இறங்கும். வேலை முடிந்ததும் தாத்தா குளிக்கப் போவார். பெரியவருக்கு நெல் அளந்து போடுவார்கள். ஏழு வயசுப் பையனான நான் அவரை 'வா, போ' என்று கூப்பிடுவேன். அவர் என்னை 'சின்னய்யா' என்பார். யாரும் என்னைத் திருத்தவில்லை.

உயிரையே அவர் கையில் ஒப்படைத்த வீடு அது. பிறந்த குழந்தைக்கு மொட்டை போடவும் அவர் வேண்டும். இறந்தவருக்குக் காரியம் செய்யவும் அவர் வேண்டும். அந்தச் சமூகத்துக்கு மருத்துவர் என்றே பெயர். வைத்தியமும் அவர்கள் கையில் இருந்தது. ஆனால் திண்ணையில் உட்காரச் சொன்னோமா? கழுத்தைக் கொடுத்தோம், திண்ணையைக் கொடுக்கவில்லை.

நான் நகரத்துக்கு வந்துவிட்டேன். படித்துவிட்டேன். 'அண்ணே' என்று கூப்பிடுகிறேன். எல்லாம் சரி. ஆனால் 26 வருஷத்தில் அவர் வீடு எங்கே என்று நான் கேட்டதில்லை. அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்பது தெரியாது. 2020 ஊரடங்கில் இரண்டு மாதத்துக்கும் மேல் சலூன்கள் மூடிக் கிடந்தன. அந்த மாதங்களில் என் தலைமுடி வளர்ந்ததைப் பற்றிக் கவலைப்பட்டேனே தவிர, அவர் வீட்டு அடுப்பைப் பற்றி ஒரு நாள்கூட நினைக்கவில்லை. என் அலுவலகத்தில் ஒரு சக ஊழியரின் கை நடுங்கியிருந்தால், "என்னப்பா, உடம்பு சரியில்லையா? டாக்டரைப் பார்த்தியா?" என்று உடனே கேட்டிருப்பேன். இவரிடம் கேட்கத் தோன்றவில்லை. கிணற்றடி பலகை இன்னும் எனக்குள் எங்கேயோ கிடக்கிறது.

பௌத்த நூல்களில் உபாலி என்பவரின் கதை வருகிறது. சாக்கிய இளவரசர்களுக்கு நாவிதராக இருந்தவர். அநுருத்தர், ஆனந்தர் முதலான இளவரசர்கள் புத்தரிடம் துறவு வாங்கப் போனபோது உபாலியும் கூடச் சேர்ந்துகொண்டார். அப்போது அந்த இளவரசர்கள் புத்தரிடம் ஒன்று கேட்டார்களாம். 'எங்களுக்குச் சாக்கியர் என்கிற கர்வம் அதிகம். அதனால் உபாலிக்கு முதலில் துறவு கொடுங்கள். அப்போதுதான் அவர் எங்களுக்கு மூத்தவர் ஆவார். நாங்கள் அவரை எழுந்து நின்று வணங்க வேண்டியிருக்கும்.' புத்தர் அப்படியே செய்தார். புத்தர் மறைந்த பிறகு ராஜகிருகத்தில் கூடிய சபையில், துறவிகளின் ஒழுக்க விதிகளை எடுத்துச் சொல்லும் பொறுப்பு உபாலிக்குத்தான் வந்தது.

அந்த இளவரசர்கள் செய்ததுதான் பெரிய காரியம் என்று எனக்குத் தோன்றுகிறது. தங்களிடம் இருக்கிற கோணல் எது என்று தெரிந்து, அதை நிமிர்த்தத் தாங்களே வழி கேட்டார்கள்.

* * *

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு, அந்தத் தெருவைச் சுற்றாமல் நேராக நடந்தேன். பையில் என் கத்தி இருந்தது. என்ன பேசுவது என்று நாலு வாக்கியம் தயார் செய்திருந்தேன். கடைக்குள் கால் வைத்ததும் நாலும் மறந்துவிட்டது.

அண்ணன் கல்லாவில் உட்கார்ந்து தினத்தந்தி படித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். "வாங்க சார்" என்றார். அவ்வளவுதான். 'ஏன் வரலை' என்று கேட்கவில்லை.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். உள்ளே இருந்து ஒரு இளைஞன் துண்டை உதறிக்கொண்டு வந்தான். 

"தம்பி செய்வான் சார். நான் கத்தி பிடிக்கறதில்ல. கட்டிங் மட்டும்தான், அதுவும் காலையில கொஞ்ச நேரம்" என்றார்.

"எப்பலேருந்துண்ணே?"

அவர் பேப்பரை மடித்தார். "நீங்க கடைசியா வந்தீங்க பாருங்க, அன்னிலேருந்து."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

"கண்ணாடியில உங்க மூஞ்சியைப் பார்த்தேன் சார். 26 வருஷமா தூங்கிட்டிருந்த ஆளு, அன்னிக்கு முழிச்சிட்டிருந்தீங்க. கைப்பிடியைப் புடிச்சிருந்தீங்க. அன்னிக்கு ராத்திரியே கத்தியைத் தம்பிகிட்ட குடுத்துட்டேன். நம்மளால ஒருத்தருக்கு ஒண்ணு ஆயிடக் கூடாதில்ல?"

"அண்ணே, நான் சொல்லியிருக்கணும். சொல்லாம நின்னுட்டேன். தப்புதான்."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஆமா சார். சொல்லியிருந்தா கொஞ்சம் ஈஸியா இருந்திருக்கும்" என்றார். கோபம் இல்லை. ஆனால் 'அதெல்லாம் பரவால்ல சார்' என்றும் அவர் சொல்லவில்லை. அப்படிச் சொல்லாததற்காக அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது.

அங்கே உட்கார்ந்தபடி நான் நினைத்துக்கொண்டேன். 26 வருஷமாக அவருடைய கையை நம்பினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கை என்ன கை? எல்லார் கையும் ஒரு நாள் நடுங்கும். என்னுடையது முதல் நாளே நடுங்கியது. நான் நம்பியிருக்க வேண்டியது, கை நடுங்கினால் கத்தியைத் தானாகவே கீழே வைத்துவிடுகிற அந்த மனசை. அது கடைசிவரை கொஞ்சமும் ஆடவில்லை. எனக்குத்தான் அதை நம்பத் தெரியவில்லை. நான் ஓடிப் போனதற்கும் அவர் கத்தியை வைத்ததற்கும் காரணம் ஒரே நடுக்கம்தான். அவர் செய்தது அறம். நான் செய்தது தப்பிப்பு.

பையிலிருந்து என் கத்தியை எடுத்துக் காட்டினேன். அவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எவ்ளோ குடுத்தீங்க?" என்றார். சொன்னேன். "இருபது ரூவா ஜாஸ்தி" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, குரல்வளைத் தழும்பைக் கண்டுபிடித்துவிட்டார். 

"அழுத்துறீங்க சார். அழுத்தவே கூடாது. கத்தியோட கனமே போதும். இந்தக் கையால தோலை இழுத்துப் புடிச்சுட்டீங்கன்னா, அது தானா போகும்" என்று சொல்லி, தன் இடது கையால் என் கன்னத்தை மேலே இழுத்துப் பிடித்துக் காட்டினார். அந்தக் கை நடுங்கத்தான் செய்தது. எனக்குப் பயமாக இல்லை.

"டாக்டர்கிட்ட காட்டினீங்களாண்ணே?" என்றேன். "காட்டினேன் சார். மாத்திரை குடுத்திருக்காங்க" என்றார். அப்புறம் அவருடைய வீடு எங்கே, தம்பி என்பது யார் என்று கேட்டேன். தம்பி அவருடைய மகன். இத்தனை வருஷம் கழித்து!

தத்துவம் படித்தவர்கள் நடுவே ஒரு பழைய புதிர் உண்டு. பெர்ட்ரண்ட் ரஸ்ஸலோடு சேர்த்துச் சொல்வார்கள். ஓர் ஊரில் ஒரு நாவிதர். தனக்குத் தானே சவரம் செய்துகொள்ளாத எல்லோருக்கும் அவர் சவரம் செய்வார். தானே செய்துகொள்கிறவர்களுக்குச் செய்ய மாட்டார். அப்படியானால் அந்த நாவிதருக்குச் சவரம் செய்வது யார்? தானே செய்துகொள்கிறார் என்றாலும் உதைக்கிறது, செய்துகொள்ளவில்லை என்றாலும் உதைக்கிறது. 'அப்படி ஒரு நாவிதர் இருக்கவே முடியாது' என்பதுதான் விடை.

நான் கிளம்பும்போது கடையில் வேறு ஆள் இல்லை. அண்ணன் கல்லாவிலிருந்து எழுந்து வந்து, நான் எழுந்த அதே நாற்காலியில் உட்கார்ந்தார். தலையைப் பின்னால் சாய்த்தார். மகன் புது ப்ளேடை எடுத்து 'டிக்'கென்று உடைத்தான். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

இப்போதும் வாரத்தில் ஆறு நாள் நானே சவரம் செய்துகொள்கிறேன். அழுத்துவதில்லை. மச்சத்தைக்கூடத் தாண்டக் கற்றுக்கொண்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடைக்குப் போய்விடுகிறேன். மகன் செய்கிறான். அவனிடம் எனக்கு இன்னும் தூக்கம் வரவில்லை. வரும்.

உங்களுக்கும் இப்படி யாராவது ஒருவர் இருப்பார். பல வருஷம் துணி தைத்துக் கொடுத்துவிட்டு ஒரு சட்டையில் அளவு தவறிய டெய்லர். மறதி வர ஆரம்பித்த பழைய குடும்ப டாக்டர். ஒரே ஒரு தடவை வார்த்தை தடுமாறிய நண்பர். ஒன்றும் சொல்லாமல் அவரிடம் போவதை நிறுத்தியிருப்பீர்கள். வேறு தெரு வழியாகப் போய்க்கொண்டிருப்பீர்கள். மறுபடியும் அவரிடமே துணி தைக்கக் கொடுங்கள், வைத்தியம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. அது உங்கள் உரிமை.

ஆனால் ஒரு தடவை நேர்த் தெருவில் நடந்து போய், அவர் எதிரில் உட்கார்ந்து, ஏன் வரவில்லை என்பதைச் சொல்லிவிட்டு வாருங்கள். அவருக்கு அது ஏற்கெனவே தெரிந்திருக்கலாம். இருந்தாலும் உங்கள் வாயிலிருந்து வரட்டும்.